பேனரில் கீறல், இறக்கையில் துளை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விமான இறக்கையின் முன்விளிம்பில் நுண்துளை வைத்தால் இரைச்சல் அடங்குமாமே, என் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் அது ஆகுமா?"

இரண்டும் ஒரே இனம்தான். சீரான காற்றில் முன்விளிம்பு அதிகம் கத்தாது. எதிரே கம்பிவலையோ வளைந்த குழாயோ இருந்தால் காற்று சுழல் சுழலாகக் கலங்கி வந்து மோதும். ஒவ்வொரு மோதலிலும் இறக்கையின் இரு பக்க அழுத்த வித்தியாசம் சட்டென்று ஏறி இறங்கும். அந்த உதறல்தான் இரைச்சல்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுகிறவர்கள் பிளேடால் அங்கங்கே பிறை பிறையாகக் கீறிவிடுவார்கள். காற்று கீறல் வழியே பின்பக்கம் கசிந்துவிடும், பேனர் படபடக்காது. நுண்துளை விளிம்பும் இதையே செய்கிறது. இன்னொரு நுட்பம் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். கெட்டியான விளிம்பை நெருங்கும் சுழல், மோதுவதற்கு முன்பே நசுங்கி முறுக்கேறுகிறது. உள்ளே புக இடமிருந்தால் அந்த முறுக்கு ஏறுவதில்லை. பாதிச் சண்டை வாசலிலேயே தீர்ந்துபோகிறது. ஆனால் பேனரில் கீறல் கூடினால் தலைவரின் மூக்கு போகும், அப்புறம் மீசை, கடைசியில் சட்டமும் கயிறும்தான் நமக்கு வணக்கம் சொல்லும். இறக்கையில் அப்படிப் போவது தூக்குவிசை. ஆகவே துளைகளைப் பெரும்பாலும் முன்நுனியோடு நிறுத்திப் பார்க்கிறார்கள்.

சரித்திரம் கேட்பவர்களுக்கு: 1934இல் ஆர். ஆர். கிரஹாம் ஆந்தைச் சிறகில் ஓசையை அடக்கும் மூன்று அம்சங்களைப் பட்டியலிட்டார். 1955இல் கர்ல், திடப்பொருளின் மேல் காற்று தரும் விசை துடிப்பதே ஒலியாகிறது என்று கணக்கில் காட்டினார். 2010 வாக்கில் ஜெர்மனியின் கோட்புஸில் கெயரும் சராஜும் நுண்துளை இறக்கைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார்கள்.

கிரஹாமின் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் "கூகை கற்றுத்தந்த மௌன விமானம்" என்று தலைப்புப் போடுகிறார்கள். கூகை அடக்குவது முக்கியமாக 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சொலிகளை. எலிக்குக் கேட்பது அதுதானே. நுண்துளை விளிம்போ தாழ்ந்த, நடுத்தர ஒலிகளைக் குறைத்துவிட்டு, சொரசொரப்பினால் கீச்சொலியைக் கூட்டவும் செய்யும். கூகை கேட்டால் சிரிக்கும்.

வாசகருக்கு: உங்கள் பட்டறையின் எண்ணெய்ப் புகையும் கிரைண்டிங் தூசும் நுண்துளைகளை அடைத்துவிடும், அப்புறம் அது வெறும் கரடுமுரடான இறக்கை. உறிஞ்சும் பக்க வலை இறக்கையை ஒட்டி இருந்தால் தள்ளி மாட்டுங்கள். டிரைவ் போட்டு வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஒலியாற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும், மின்செலவு பாதியாகும். காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதை உங்கள் வெல்டர் பொறுத்துக்கொள்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.