செல்லமாய் ஓர் ஊர்வன – 6: சூடு ஒரு முனை, குளிர்ச்சி மறுமுனை

பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் இருக்கும் உப்புமலைத் தொடர், லெப்பர்ட் கெக்கோவின் பூர்விக நிலங்களில் ஒன்று. 1854-இல் எட்வர்டு பிளைத் இந்தப் பல்லியை முதன்முதலில் விவரித்தது அங்கிருந்து கிடைத்த உயிரியை வைத்துத்தான். கல்லும் முள்புதருமான வறண்ட பூமி அது. பகலில் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடக்கும் பல்லி, பொழுது சாய்ந்ததும் இரை தேடி வெளியே வரும். வெளியே காற்று காய்ந்திருந்தாலும் இடுக்கின் ஆழத்தில் மண் லேசாக ஈரமாக இருக்கும். வளர்ப்பவர் தொட்டிக்குள் உருவாக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

சென்ற வாரம் மூன்றடி நீளத் தொட்டி வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் வெப்பம்தான். நீளம் இருந்தால்தான் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் நிற்கும். சூடான பக்கத்து மறைவிடத்தின் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். குளிர்ந்த பக்கம் 24 முதல் 26. இரவில் 20, 21 வரை இறங்கினாலும் நல்ல நிலையில் உள்ள பல்லிக்குக் கெடுதல் இல்லை.

இந்தப் பல்லியின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. உடம்பில் போதிய சூடு ஏறாவிட்டால் தின்ற பூச்சி செரிக்காமல் தங்கிவிடும். சில சமயம் அப்படியே கக்கிவிடும். நாளடைவில் கொழுப்பைச் சேமிக்கும் வால் மெலியும்.

முட்டைப் பருவத்திலேயே வெப்பம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. 26 டிகிரியில் அடைவைத்த முட்டைகளிலிருந்து கிட்டத்தட்ட எல்லாமே பெண் குஞ்சுகள், 32.5-இல் பெரும்பாலும் ஆண். 34-ஐத் தாண்டினால் மறுபடியும் பெண்களே அதிகம்.

ஆகவே சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. தரைக்கு அடியில் ஹீட் மேட் வைப்பவர்கள் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வைத்தால் போதும். அதைத் தெர்மோஸ்டாட்டில் இணைத்து, அதன் சென்சாரைப் பல்லி வயிறு படியும் இடத்தில் பொருத்த வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும். மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கற்களையும் தவிர்ப்பது நல்லது. அவற்றின் மேல் படுத்துத் தீக்காயம் பட்ட ஊர்வன ஏராளம். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாமல், டிஜிட்டல் தெர்மாமீட்டரைத் தரையிலேயே வைத்து அளக்க வேண்டும்.

தொட்டிக் காற்றின் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் போதும். கூடுதல் ஈரம் வேண்டியது ஒரே ஒரு மறைவிடத்தில்தான். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை உள்ளே பரப்பினால் வேலை முடிந்தது. பூஞ்சை பிடிக்காமல் பாசியை அடிக்கடி மாற்ற வேண்டும்.

தோல் உரிக்கும் நேரம் வந்ததும் பல்லியின் நிறம் மங்கி வெளிறும். அது டப்பாவுக்குள் புகுந்து, பழைய தோலை வாயால் இழுத்து உரித்துத் தின்றுவிடும். ஈரம் போதாவிட்டால் விரல் நுனிகளில் தோல் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொள்ளும். அது காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரலே போய்விடும். ஒவ்வொரு முறை உரித்ததும் பாதங்களைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதம் நனையும்படி சிறிது நேரம் நிறுத்தி, ஈரப் பஞ்சால் மெல்லத் தேய்க்கலாம். காய்ந்த தோலைப் பிடித்து இழுக்கவே கூடாது. அப்படியும் வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பல்லியை வாங்கி வந்த பிறகு தொட்டியைத் தயார் செய்யாதீர்கள். காலித் தொட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, காலையும் இரவும் இரு முனைகளின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். அளவு நிலையாக நின்ற பிறகு பல்லியைக் கொண்டுவாருங்கள்.