ஐந்து முடிந்தது... ஆறு கூப்பிடுது!



ஆண்டுத் தேர்வு வந்துவிட்டால், "எப்ப லீவு விடுவாங்க?" என்ற ஒரே நினைப்புதான் எல்லாருக்கும். ஆனால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் அதோடு கொஞ்சம் பயமும், கொஞ்சம் வருத்தமும் சேர்ந்து கொள்ளும். ஏனென்றால், தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புதான் கடைசி. ஜூன் மாதம் வேறு பள்ளிக்கூடம், வேறு டீச்சர், பக்கத்தில் வேறு யாரோ!

பழனி மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய மாற்றம். நகரத்தில் புதிய பள்ளி அடுத்த தெருவிலேயே இருக்கும். மலையில் அப்படியா? பல சிற்றூர்களில் இருப்பது தொடக்கப் பள்ளி மட்டும்தான். ஆறாம் வகுப்புக்குக் கொடைக்கானலுக்கோ, பண்ணைக்காட்டுக்கோ, தாண்டிக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். இல்லாவிட்டால் விடுதியில் தங்க வேண்டும். கும்பக்கரைக்கு மேலே இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஒற்றையடிப் பாதைதான் வழியாக இருந்து வந்தது. அங்கே பிறந்த பிள்ளைக்கு மேல்படிப்பு என்றாலே மலையேற்றம்தான்!

வெளிநாட்டில் எப்படி?

இந்த மாற்றம் நமக்கு மட்டும் வருவதில்லை. இலங்கையில் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்தாம் தரத்தில், 'புலமைப்பரிசில் பரீட்சை' எழுதுகின்றனர். நல்ல மதிப்பெண் எடுத்தால் பெரிய பள்ளியில் இடம் கிடைக்கும்.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் ஆறு வருடம் தமிழிலேயே பாடம். அடுத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனால், பாடங்கள் மலாய் மொழியில்! ஜப்பானிலும் தொடக்கப் பள்ளி ஆறு வருடம். மார்ச் மாதம் விழா எடுத்துச் சான்றிதழ் கொடுத்து வழியனுப்புவர். ஏப்ரலில் புதிய பள்ளி திறந்துவிடும்.

பார்த்தீர்களா... உலகம் முழுக்க உங்களைப் போலவே எத்தனை பேர், புதுப் பையை மாட்டிக் கொண்டு தயங்கித் தயங்கி நிற்கின்றனர்!

ஆறில் என்ன மாறும்?

ஐந்தாம் வகுப்பு வரை, பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் நடத்தியிருப்பார். சின்னப் பள்ளிகளில் இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். ஆறாம் வகுப்பிலோ மணி அடித்தால் ஒரு ஆசிரியர் போவார், இன்னொருவர் வருவார். முதல் வாரம் தலை சுற்றும், பிறகு பழகிவிடும். கால அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டி, முதல் நாள் இரவே பையை அடுக்கி வைத்துவிட்டால், பாதிக் கவலை போச்சு.

இன்னொரு விஷயம். 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வந்தது. புதிய பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டா என்று முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். இல்லையென்றால், வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். வெறும் வயிற்றோடு கொண்டை ஊசி வளைவில் போனால் குமட்டும்!

யாரும் விடுபடக் கூடாது!

நான் வேலை பார்த்த மலைப் பள்ளி ஒன்றில், ஒரு வருடம் ஐந்தாம் வகுப்பில் ஏழே பேர். அதில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தியை, "படிச்சது போதும். தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்," என்று நிறுத்தப் பார்த்தனர். ஞாயிற்றுக்கிழமை மற்ற ஆறு பேரும் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போய்விட்டனர்.

"மாமா... நாங்க இவளக் கையோட கூட்டிட்டுப் போயி, கையோட கூட்டிட்டு வந்துருவோம். அனுப்பி வைங்க மாமா," என்று வாசலிலேயே உட்கார்ந்து விட்டனர். கடைசியில் அந்த அப்பா சிரித்துவிட்டார். ஜூன் மாதம் ஏழு பேரும் ஒரே பஸ்சில் போனதை நான் பார்த்தேன். டீச்சர்கள் நாங்கள் போய்ச் சொன்னதைவிட, அந்த ஆறு பேர் சொன்னதற்குத்தான் மதிப்பு!

நீங்களும் அப்படிச் செய்யலாமே. ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தீர்களோ, அத்தனை பேரும் ஆறில் சேர்ந்துவிட்டார்களா என்று ஜூன் முதல் வாரத்தில் எண்ணிப் பாருங்கள். ஒரு தலை குறைந்தாலும், பழைய தலைமை ஆசிரியரிடம் ஓடிப் போய்ச் சொல்லுங்கள்.

அப்பா, அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்

* 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி உங்கள் உரிமை. இதற்கான சட்டம் 2009ல் வந்தது. 2010 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்தது.

* மாற்றுச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. இதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

* மாற்றுச் சான்றிதழில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி சரியா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். இதில் விழும் பிழை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும்.

* 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம். அது காபித் தோட்டமானாலும் சரி, பூண்டுக் காடானாலும் சரி.

* ஆறாம் வகுப்பு சாதாரண வகுப்பு இல்லை! 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கினர். 2022ல், கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் வந்தது. 2024ல் பையன்களுக்கு, 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. இவை எல்லாவற்றிலும், ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தீர்கள் என்பதுதான் கணக்கு.

பிரியும் முன் செய்யுங்கள்!

1. ஊர் ஆல்பம்: ஒரு நோட்டில் ஆளுக்கு இரண்டு பக்கம். உங்கள் ஊரில் விளைவது, பறவை, மரம் என்று வரைந்து எழுதுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. விருப்பாச்சி மலை வாழை அதற்கு முன்பே வாங்கிவிட்டது. இதையெல்லாம் எழுத மறக்காதீர்கள். நோட்டைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

2. தம்பி, தங்கைக்குக் கடிதம்: நான்காம் வகுப்பிலிருந்து ஐந்துக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு, எந்தப் பாடம் கஷ்டம், அதை எப்படிப் படித்தீர்கள் என்று எழுதி, அந்த பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

3. முன்பே ஒரு நடை: விடுமுறையில் ஒரு நாள் பெரியவர்களோடு புதிய பள்ளி வரை போய் வாருங்கள். எத்தனை மணிக்கு பஸ், எந்த இடத்தில் இறங்க வேண்டும், தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்தால், முதல் நாள் பயமே இருக்காது.

4. குறிஞ்சிக் கடிதம்: நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். நம் மலையில் 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது. அடுத்து 2030. அப்போது நீங்கள் எந்த வகுப்பில் இருப்பீர்கள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 'அப்போது நான் இப்படி இருப்பேன்' என்று ஆளுக்கு ஒரு கடிதம் எழுதி, தகர டப்பாவில் போட்டு மூடி, தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். பூ பூக்கும் வருடம் எல்லாரும் கூடி வந்து பிரித்துப் படிக்கலாம்!

டப்பாவைத் திறக்கும் அன்று, எழுதியவர்களில் ஒருவர்கூடப் படிப்பை விட்டிருக்கக் கூடாது. என்ன, சரியா செல்லங்களே?

நன்றாகத் தேர்வு எழுதுங்கள். ஸ்வெட்டர், குடையோடு ஜூன் மாதம் தயாராக இருங்கள். வாழ்த்துகள்!