உங்களுக்குத் தெரியுமா? இரண்டு குரல், ஒரு கவசம்

காஞ்சிபுரம் குமரகோட்டம் முருகன் கோயிலில் சஷ்டியன்று நின்றாலும் சரி, பிள்ளையார்பாளையத்துத் தறிகளுக்கு நடுவே நின்றாலும் சரி, ‘கந்த சஷ்டி கவசம்’ என்றதும் நம் மனத்தில் ஓடுவது ஒரே மெட்டுதான். சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் பாடிய மெட்டு அது.

தஞ்சைப் பக்கத்துச் சூலமங்கலம் அவர்கள் ஊர். கவசத்தை இயற்றியவர் 19ஆம் நூற்றாண்டின் தேவராய சுவாமிகள். பாராயண நூலாக இருந்ததைச் சகோதரிகள் இசைத்தட்டில் ராகமாலிகையாகப் பாடினார்கள். ஆபோகி, சுபபந்துவராளி, கல்யாணி, தோடி என்று போய் மத்தியமாவதியில் நிறைவடையும். வித்தை காட்டும் சங்கதிகள் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். எழுத்தறியாத பாட்டிமார்கூடக் கேட்டுக் கேட்டே முழுக் கவசத்தையும் மனப்பாடம் செய்தார்கள். தமிழில் இசைத்தட்டு செய்த மிகப் பெரிய தொண்டு இதுதான் என்பேன்.

கவசம் கந்தபுராணத்தில் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கந்தபுராணம் பல நூற்றாண்டுகள் முந்தையது. அதைப் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியார் இதே குமரகோட்டத்து அர்ச்சகர்.

‘கந்தன் கருணை’ (1967) படத்தில் பி.சுசீலாவுடன் ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ பாடியவரும் இந்தச் சகோதரிகளில் ஒருவரான ராஜலட்சுமிதான். அவர் 1992இல் மறைந்தார், ஜெயலட்சுமி 2017இல்.

அடுத்த முறை குமரகோட்டம் போனால், கந்தபுராணம் அரங்கேறிய மண்டபத்தையும் அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்.