கேட்கப் பழகும் மூளை

உங்கள் வகுப்பில் மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் எத்தனை பேர்? ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர்களுள் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். முதன்முதலாகக் கண்ணாடி அணிந்த அன்று கரும்பலகை எழுத்து எப்போது தெளிவாகத் தெரிந்தது? "போட்டவுடனே தெரிந்தது" என்பார். ஓரிரு நாள் தலைவலி இருந்திருக்கலாம். அவ்வளவுதான்.

இனி, காதொலிக் கருவி அணிந்த பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். 'காது மிஷின்' என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான். "போட்டவுடன் ஒரே இரைச்சல்; பேச்சு சரியாகப் புரிய ஒரு மாதம் ஆயிற்று" என்பார். சிலர், "ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்" என்பார்கள்.

கண்ணாடிக்கு ஒரு நொடி. காதுக்கு ஒரு மாதம்! ஏன் இந்த வேறுபாடு? எனக்கு வயது 46. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். இரு காதுகளிலும் கருவி அணிந்திருக்கிறேன். எனவே இந்தக் கேள்விக்கு விடையைப் புத்தகங்களில் படித்ததோடு, என் தலைக்குள்ளேயே சோதித்தும் பார்த்தேன். வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

சுருண்டு கிடக்கும் ஆர்மோனியம்

ஒலி அலைகள் செவிப்பறையை அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. இதனை நத்தைச்சுருள் என்பர். சுருளை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம், அதாவது உங்கள் சுண்டுவிரலின் பாதி நீளம் இருக்கும். அதனுள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. அதிர்வை மின்குறிப்பாக மாற்றி, நரம்பு வழியே மூளைக்கு அனுப்புபவை இவையே.

ஆர்மோனியத்தில் ஒரு முனையில் தாழ்ந்த சுரமும் மறுமுனையில் உயர்ந்த சுரமும் இருக்கின்றன அல்லவா? நத்தைச்சுருளும் அப்படித்தான். அதன் வாயிற்பகுதி உயர் அதிர்வெண்களுக்கும், உள்முனை தாழ் அதிர்வெண்களுக்கும் விடையளிக்கிறது. ஒலி அலை இச்சுருளில் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை ஆராய்ந்தவர் ஹங்கேரியில் பிறந்த கியார்க் ஃபான் பெக்கெஷி. இவர் ஓர் இயற்பியலாளர். ஆனால் 1961-ஆம் ஆண்டில் இவருக்குக் கிடைத்ததோ மருத்துவத்திற்கான நோபல் பரிசு!

வயதாலும் பேரிரைச்சலாலும் பரம்பரைக் காரணங்களாலும் மயிர்ச்செல்கள் அழிகின்றன. பெரும்பாலும் முதலில் பழுதாவது வாயிற்பகுதி, அதாவது உயர்சுரப் பகுதி. கோழி போன்ற பறவைகளுக்கு அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் வளர்கின்றன. மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இசைக்கவை கேட்டது, கேள்வி கேட்கவில்லை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவைப் பெட்டி ஒன்று இருக்கிறது. 256 ஹெர்ட்ஸ் முதல் 512 ஹெர்ட்ஸ் வரை எட்டுக் கவைகள். அவை எட்டும் எனக்கு நன்றாகவே கேட்டன. ஆயினும் கடைசி வரிசை மாணவர்களின் பேச்சு மட்டும் தெளிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. செவித்திறன் சோதனையின் வரைபடம் இந்தப் புதிரை அவிழ்த்தது. 1000 ஹெர்ட்ஸ் வரை என் காதுகளில் குறையில்லை. 2000 ஹெர்ட்ஸில் ஒலி 40 டெசிபல் அளவுக்கு உயர்ந்தால்தான் கேட்டது. 4000 ஹெர்ட்ஸிலோ 60 டெசிபல் தேவைப்பட்டது.

இதன் விளைவை ஒரு சோதனையால் உணரலாம். கட்டம், சட்டம், வட்டம், மட்டம், பட்டம் ஆகிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள். 'அ' என்னும் உயிரொலி உரத்து ஒலிக்கிறது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். சொற்களை வேறுபடுத்தும் முதல் மெய்யொலியோ மெல்லியது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 'ஸ்' என்னும் சீறொலியின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. இந்த மெய்யொலிகள் வந்து சேராத காதுக்கு ஐந்து சொற்களும் ஏறத்தாழ ஒன்றே: '...ட்டம்'.

தொலைவும் சேர்ந்துகொள்கிறது. வெட்டவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும். அதாவது 6 டெசிபல் குறையும். எனவேதான் முதல் வரிசைப் பேச்சு புரிந்தது, கடைசி வரிசைப் பேச்சு புரியவில்லை. 2021-ஆம் ஆண்டில் கொரோனாவுக்குப் பின் கல்லூரி திறந்தபோது எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். துணி உயர் அதிர்வெண்களை மேலும் தணித்தது, உதட்டசைவையும் மறைத்துவிட்டது. ஒருநாள் ஒரு மாணவி ஏதோ ஐயம் கேட்டாள். "மறுபடி சொல்லம்மா" என்று இருமுறை கேட்டேன். மூன்றாம் முறை, "ஒன்றுமில்லை சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேள்வி என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேள்வி காதில் விழாவிட்டால் ஆசிரியருக்கு என்ன வேலை? அந்த மாதமே கருவி அணிந்தேன்.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

காதொலிக் கருவியின் அடிப்படை எளியது. ஒலிவாங்கி ஒலியை மின்குறிப்பாக்குகிறது. பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. சிறிய ஒலிபெருக்கி மீண்டும் ஒலியாக்கிக் காதுக்குள் விடுகிறது. ஒரு காலத்தில் இதற்கு வெற்றிடக் குழாய்களும் கனத்த மின்கலங்களும் தேவைப்பட்டன. 1947-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டரை முதலில் வரவேற்ற விற்பனைப் பொருள்களுள் காதொலிக் கருவியும் ஒன்று. 1952-ஆம் ஆண்டின் இறுதியிலேயே டிரான்சிஸ்டர் உள்ள கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. 1996-ஆம் ஆண்டு முதல் ஒலியை எண்களாக மாற்றிக் கணக்கிடும் டிஜிட்டல் கருவிகள் காதுக்குள் அடங்கும் அளவில் பரவின. இன்றைய கருவியின் எடை சில கிராம்தான்.

என் கருவியில் துத்தநாக-காற்று மின்கலம் இருக்கிறது. அதன் மேல் ஒரு சிறு ஒட்டுத்தாள் உண்டு. தாளை உரித்தால் துளைகள் வழியே ஆக்சிஜன் உள்ளே சென்று துத்தநாகத்துடன் வினைபுரிகிறது, சுமார் 1.4 வோல்ட் கிடைக்கிறது. தாளை மீண்டும் ஒட்டினாலும் பயனில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் வரும்.

எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி பெருக்கினால் போதாதா? போதாது. பழுதடைந்த காதுக்கு மெல்லிய ஒலிதான் கேட்பதில்லை. பேரொலி எல்லோருக்கும் போலவே வலிக்கும். 4000 ஹெர்ட்ஸில் என் காது 60 டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது. 100 டெசிபலில் பொறுக்க முடிவதில்லை. மற்றவர்களிடம் 100 டெசிபல் அகலமுள்ள உலகம் என்னிடம் 40 டெசிபலுக்குள் அடங்க வேண்டும். பத்தடி ஏணியின் படிகளையெல்லாம் நான்கடி ஏணியில் நெருக்கி அடிப்பது போல! எனவே கருவி மெல்லிய ஒலியை மிகுதியாகவும், பெரிய ஒலியைக் குறைவாகவும் பெருக்குகிறது. எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு என்பதை வல்லுநர் கணிப்பொறி மூலம் அமைக்கிறார்.

முதல் நாட்கள்

கருவியுடன் வீட்டுக்கு வந்த அன்று செய்தித்தாளைப் புரட்டினேன். தகரத்தைக் கசக்குவது போல இருந்தது. மின்விசிறி, பிளாஸ்டிக் பை, குழாய்த் தண்ணீர், கொலுசு, என் செருப்புச் சத்தம் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் "என்னைக் கேள்" என்றன. என் குரலோ பானைக்குள் பேசுவது போல ஒலித்தது.

குரல் மாறியதன் காரணத்தை நீங்களே அறியலாம். இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ஈ...' என்று நீட்டிச் சொல்லுங்கள். குரல் தலைக்குள் முழங்குகிறது அல்லவா? நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குழலை அடைகிறது. வழக்கமாக அதன் ஒரு பகுதி வெளியேறிவிடும். வாயை அடைத்தால் உள்ளேயே தங்கிவிடும். கருவியின் காதுமுனையில் சிறு துளை வைப்பது இதைத் தணிக்கத்தான்.

மற்ற இரைச்சலுக்குக் காரணம் கருவி அன்று, மூளை. இருப்புப்பாதை ஓரத்து வீட்டில் குடியேறியவர் முதல் இரவு ஒவ்வொரு வண்டிக்கும் விழித்துக்கொள்வார். ஒரு மாதம் கழித்து, "வண்டி போயிற்றா?" என்று கேட்பார். வண்டியின் சத்தம் குறையவில்லை. தேவையில்லை என்று மூளை ஒதுக்கக் கற்றுவிட்டது. பல ஆண்டுகளாக உயர் அதிர்வெண்களைக் கேளாத மூளைக்கு அவை திடீரெனத் திரும்பி வரும்போது எல்லாமே புதுச் செய்திதான். எது பேச்சு, எது விசிறி என்று மீண்டும் பிரித்தறிய வேண்டும்.

கண்ணாடிப் புதிரின் விடையும் இங்கேதான் இருக்கிறது. கிட்டப்பார்வையில் விழித்திரை நன்றாகவே இருக்கிறது. பிம்பம் சரியான இடத்தில் விழுவதில்லை, அவ்வளவே. கண்ணாடி அதைத் திருத்தியவுடன் வேலை முடிந்தது. என் காதில் பழுதடைந்திருப்பதோ விழித்திரைக்கு ஒப்பான மயிர்ச்செல் வரிசை. கருவி ஒலியைப் பெருக்கிக் கொடுத்தாலும், மூளைக்குச் செல்லும் குறிப்பு அரைகுறையானதே. மிச்சத்தை மூளைதான் கற்று நிரப்ப வேண்டும்.

கற்பதற்குப் பயிற்சி வேண்டும் அல்லவா? முதல் வாரம் அமைதியான அறையில் தினமும் மூன்று நான்கு மணி நேரம். ஒருவருடன் மட்டும் பேச்சு. என் குரல் பழகுவதற்காகச் செய்தித்தாளை உரக்கப் படித்தேன். இரண்டாம் வாரம் ஒரு விளையாட்டு: புது ஒலி கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. குளிர்பெட்டிக்கு இத்தனை முனகல் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் வாரம் தொலைக்காட்சி, குடும்பத்தாருடன் சாப்பாடு. நான்காம் வாரம் வகுப்பறை. இடையில் மூன்று முறை வல்லுநர் பெருக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்.

வகுப்பில் முதல் நாளே கருவியைக் கழற்றிக் காட்டி, அதன் கட்டப்படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். "மழையில் நனைந்தால் என்ன ஆகும் சார்?" என்றான் ஒருவன். நனையவிடக் கூடாது; இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும் என்றேன். எட்டாவது வாரத்தில், அலைகளைப் பற்றிய பாடத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "கட்டம் என்றால் என்ன சார்?" 'க' முழுதாக வந்து சேர்ந்தது!

கல்யாண மண்டபத்தில் நாதசுரம் முழங்கும்போது அருகில் இருப்பவர் பேச்சு இன்றும் எனக்குப் பிடிபடுவதில்லை. கருவியில் இரண்டு ஒலிவாங்கிகள் உண்டு. அவற்றின் இடைவெளி ஒரு சென்டிமீட்டர் எனக் கொண்டால், அதைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் சுமார் 34,000-இல் ஒரு பங்கு நேரம் ஆகும். இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு முன்னே வரும் ஒலியையும் பின்னே வரும் ஒலியையும் கருவி பிரிக்கிறது. ஆயினும் பேரிரைச்சலில் அதற்கும் எல்லை உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

காது கேளாதவரிடம் கத்தாதீர்கள். கத்தும்போது உயிரொலிதான் பெருகும். மெய்யொலி அதே அளவுக்குப் பெருகாது. அவர் முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மயிர்ச்செல்களையும் காத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கக் கூடாது என்பது ஒரு கணக்கு. 3 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு இரு மடங்கு. எனவே நேரம் பாதி. 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. 100 டெசிபலில் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்: வெறும் 15 நிமிடம்! காதில் ஒலிபெருக்கியைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ காது மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்களா? முதலில் மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் கேட்காது. வல்லுநரிடம் கருவியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு தினமும் மாலையில் அரை மணி நேரம் விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, அவர்கள் எதிரில் அமர்ந்து செய்தித்தாளைப் படித்துக் காட்டுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். முதல் நாள் எத்தனை சொற்கள் புரிந்தன, முப்பதாம் நாள் எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சொந்த ஆராய்ச்சியாக இருக்கும்.