தூண்டிற் கெண்டைக்கு ஒரு கோடைக்குழி

"கெண்டையைப் போட்டு விராலை இழு" என்னும் பழமொழி நம் குடியானவர்கள் அறியாததன்று. இங்கே கெண்டை என்பது விரலளவில் வளர்ச்சி முடியும் நாட்டுச் சிறுமீனே. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில், விரால் பிடிக்கும் கோடையில்தான் இவ்விரை கிடைப்பது அரிதாகிறது.

இதன் காரணம் எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரிகள் சித்திரை, வைகாசியில் குட்டைகளாகின்றன. பூந்தமல்லியை அடுத்த பேரேரியாகிய செம்பரம்பாக்கமே 2019-ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டது. விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வல்லதாதலின் சேற்றிலும் பிழைத்திருக்கும். கெண்டையோ ஜலத்திலுள்ள பிராணவாயு குறைந்தவுடன் மடியும். எஞ்சியவற்றையும் துணியால் அரித்தெடுத்துவிட்டால், அடுத்த மழைக்கு இனம் பெருக்கத் தாய்மீன்கள் இரா.

ஆகவே, கிணறுள்ளவர்கள் தோட்டத்தில் 3 அடி ஆழமுள்ள குழியொன்று வெட்டிக் கெண்டையைக் காப்பது நலம். குழியை வெயிலில் காயவிட்டு, சிறிது மக்கிய சாணமிட்டு, ஜலம் நிரப்புக. ஜலம் பசுமை கண்டபின் மீன்களை விடுக. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சமமாகக் கலந்து, தின்று தீருமளவே இடுக. மிஞ்சியது அழுகி ஜலத்தைக் கெடுக்கும். கெண்டை முட்டைகளைக் காவல் செய்வதில்லை, தானே தின்பதுமுண்டு. ஒரு மூலையில் வேலம்பாசி இருப்பின் முட்டைகள் அதில் ஒட்டித் தப்பும். மழைநாளில் விரால் ஈரத்தரையில் ஊர்ந்து வருமாதலால் குழியைச் சுற்றி வலை கட்டுதல் அவசியம்.

இரைமீன்களைக் காலைக் குளிர்ச்சியில், வாயகன்ற பாத்திரத்தில் நெருக்கமின்றிக் கொண்டுசெல்க. முதுகுத் துடுப்பினடியில், முதுகெலும்பைத் தொடாமல் தூண்டில்முள்ளைக் கோத்தால், கெண்டை நெடுநேரம் உயிருடன் துள்ளும்.

அமெரிக்காவில் ஆர்கன்சா மாகாணத்தில் இரைமீன் வளர்ப்பு பெருந்தொழிலாகும். அந்நாட்டில் தூண்டில்காரர்கள் மிஞ்சிய இரைமீன்களைக் கண்ட நீரில் கொட்டியதால் அயலினங்கள் பரவின. நமக்கும் அவ்வனுபவமுண்டு. கொசுப்புழுவை ஒழிக்க 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த கம்பூசியா, நாட்டுமீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. ஆதலின் அந்தந்த ஏரிக் கெண்டையையே வளர்க்க வேண்டும். கடையில் விற்கும் அழகுமீன் வேண்டா.

மாசியில், ஏரியில் ஜலமிருக்கும்போதே, குத்தகைதாரர் சம்மதத்துடன் 50 கெண்டைகளைப் பிடித்துக் குழியில் விடுக. புதுவெள்ளம் வந்ததும், நோயற்ற தாய்மீன்களில் ஒரு பங்கை அதே ஏரியில் திரும்ப விடுவது, இரை கொடுத்த ஏரிக்குச் செய்யும் கடமையாகும்.