கிள்ளிய கொழுந்து காத்திருக்காது! விலைக்குத் தவிக்கும் நீலகிரி குடும்பங்கள்

திருவதிகை டீக்கடைகளில் விடியுமுன்னே பாய்லர் கொதிக்கிறது. நெய்வேலிக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் "ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுப்பா" என்று குடித்துவிட்டுப் பறக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் டீத்தூளுக்குப் பெயர்போனது நீலகிரி. அங்கே எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பெரிய எஸ்டேட் என்று எண்ணிவிட வேண்டாம்! கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஓரிரு ஏக்கர் வைத்துக்கொண்டு குடும்பமாகப் பாடுபடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

4 கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் 1 கிலோ தூள். இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு, உலர்த்தினால் கறுப்புத் தூள் தயார்.

மூட்டையிலேயே கெடும்

சிக்கல் இங்கேதான்! பண்ருட்டி விவசாயி முந்திரிக்கொட்டையைக் காயவைத்து, "விலை ஏறட்டும்" என்று மூட்டை கட்டி வைக்கலாம். தேயிலை அப்படியல்ல. அன்றன்றைக்கே ஃபேக்டரி சேராவிட்டால் மூட்டையிலேயே சூடேறிக் கெட்டுவிடும். கிடைத்த விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும்!

சோவியத் அடி

பெருமளவில் வாங்கிவந்த சோவியத் யூனியன் 1991-ல் சிதறியது. 1990-களின் கடைசியில் இலை விலை சரிந்து, சிறு விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர்.

அவர்களுக்கென 1965-ல் வந்த 'இன்ட்கோசர்வ்' அமைப்பின்கீழ் கூட்டுறவு ஃபேக்டரிகள் உள்ளன. செடி அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. விலை மட்டும் இன்னும் அவர்கள் கையில் இல்லை!