சமன்பாடும் கணிப்பொறிக்கு இடும் கட்டளையும்

எண்களை மட்டுமன்றி எழுத்துக் குறியீடுகளையும் கையாளும் இயற்கணித மென்பொருள்களுள் ‘மாக்சிமா’ ஒன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1968-இல் தொடங்கப்பெற்ற பணியின் வழித்தோன்றலாகிய இது இன்று விலையின்றிக் கிடைக்கின்றது.

புதிதாகப் பயில்வோர் இதில் முதலில் தடுமாறுவது சமக்குறியிலேயாம். ஒரு பெயருக்கு மதிப்பளிக்க முக்காற்புள்ளி இடல் வேண்டும். சமக்குறியோ இரு பக்கங்களையும் இணைத்துச் சமன்பாட்டை அமைக்குமேயன்றி வேறொன்றும் செய்யாது. ‘ச : க² = 5க’ என்னும் கட்டளையால் அச்சமன்பாடு முழுவதும் ‘ச’ என்னும் பெயரில் நினைவில் வைக்கப்பெறும். (தமிழெழுத்து இங்கு விளக்கத்திற்காகவே, கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளே வழக்கம்.) பின்னர் ‘ச’வுடன் ஓரெண்ணைக் கூட்டினும் பெருக்கினும், கரும்பலகையில் ஆசிரியர் செய்வது போலவே, இரு பக்கங்களும் ஒருங்கே மாறும்.

இவ்வசதியில் ஓர் அபாயமும் உண்டு. ‘ச / க’ எனக் கட்டளையிட்டால் ‘க = 5’ என்றே விடை வரும். க என்பது சுழியாகவும் இருக்கலாமே என்று மென்பொருள் வினவுவதில்லை; க = 0 என்னும் தீர்வு ஓசையின்றி மறைந்துவிடும். மாணவர் ஏடுகளில் ஆசிரியர்கள் சலிக்குமளவு கண்ட பிழையேதான் இது! ‘சால்வ்(ச, க)’ என்னும் தீர்வுக் கட்டளையை இட்டாலோ 0, 5 ஆகிய இரண்டும் கிடைக்கும். ஆதலின் மாறியால் வகுத்துச் சுருக்குமுன் இக்கட்டளையை ஒருமுறை இட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.